இளவரசிக்கு யார் கொடுத்த முகம்?



வாசகர் வட்ட நண்பர்கள் இந்தத் தலைப்பைக் கொடுத்தபோது கூடவே ஒரு கேள்வியையும் கொடுத்தார்கள். தேவதைக் கதைகளை வைத்து எடுத்த அனிமேஷன் படங்களைக் குழந்தைகளுக்குக் காட்டலாமா, கூடாதா? என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: காட்டலாம். நாம் காட்டாவிட்டாலும் அவை வீட்டுக்குள் வந்துவிட்டன. படத்தையே பார்க்காத குழந்தையின் ஸ்கூல் பையிலும் 'ஃப்ரோஸன்' படத்து எல்சா இருக்கிறாள். டிபன் பாக்ஸ் மூடியிலும் பிறந்தநாள் கேக்கிலும் இருக்கிறாள். ஆகவே காட்டுவதா வேண்டாமா என்பதைத் தாண்டி, பார்த்த குழந்தை எதை எடுத்துக்கொள்கிறது என்று பார்ப்போம். இன்று அதைப் பற்றித்தான் பேசப்போகிறேன்.

பெரியவர்கள் படத்தின் முடிவைப் பார்த்து மனநிறைவு அடைகிறோம். நல்லவள் ஜெயித்தாள், பொறாமைக்காரி அழிந்தாள், குழந்தைக்கு ஒரு நீதி கிடைத்தது என்று நினைக்கிறோம். நான்கு ஐந்து வயதுக் குழந்தை அந்த நீதியிடம் போய்ச் சேரும் முன்பே வேறொன்றைக் கற்றுக்கொண்டுவிடுகிறது. யார் நல்லவர், யார் கெட்டவர் என்பதை முகத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம் என்பதுதான் அது. இந்தப் படங்களின் ஆழமான பாதிப்பு இதுவே என்று நான் நம்புகிறேன்.

இது எங்கே தொடங்கியது என்று பார்ப்போம். 1937 டிசம்பர் 21 அன்று லாஸ் ஏஞ்சலிஸ் நகரின் கார்த்தே சர்க்கிள் திரையரங்கில் 'ஸ்னோ ஒயிட்டும் ஏழு குள்ளர்களும்' முதன்முதலாகத் திரையிடப்பட்டது. 83 நிமிடப் படம். அதுவரை அமெரிக்கத் திரையரங்குகளில் கார்ட்டூன் என்றால், பெரிய படத்துக்கு முன்னால் ஓட்டும் ஏழெட்டு நிமிடத் துணுக்குதான். இவ்வளவு நீளக் கார்ட்டூனை யார் உட்கார்ந்து பார்ப்பார்கள், டிஸ்னி கையைச் சுட்டுக்கொள்ளப் போகிறார் என்று ஹாலிவுட்டில் பேசிக்கொண்டார்கள். படம் உலகம் முழுக்க ஓடியது. வால்ட் டிஸ்னிக்கு 1939-ல் ஒரு பெரிய ஆஸ்கர் சிலையும் ஏழு குட்டிச் சிலைகளும் சேர்த்துச் சிறப்பு விருதாகக் கொடுத்தார்கள்.

இப்போது கதையின் மூலத்துக்குப் போங்கள். ஜெர்மனியில் கிரிம் சகோதரர்கள் தங்கள் தொகுப்பின் முதல் பாகத்தை 1812-ல் அச்சிட்டார்கள். அதில் இந்தப் பெண் எப்படி இருக்கிறாள்? பனியின் வெண்மை, இரத்தத்தின் சிவப்பு, கருங்காலி மரத்தின் கறுப்பு. மூன்று நிறங்கள், அவ்வளவுதான். கண் எப்படி, மூக்கு எப்படி, இடுப்பு எப்படி என்று ஒரு சொல் கிடையாது. அரசியைவிட அழகி என்று கண்ணாடி சொல்லும்போது அவளுக்கு வயது ஏழு. குள்ளர்களுக்குப் பெயர்களே இல்லை. முத்தம் கொடுத்து எழுப்பும் இளவரசனும் கிடையாது. பின்னால் வந்த பதிப்புகளில், கண்ணாடிப் பெட்டியைச் சுமந்து போகிறவர்கள் தடுக்கி விழப்போக, அந்தக் குலுக்கலில் தொண்டையில் சிக்கிய ஆப்பிள் துண்டு வெளியே வந்துவிடுகிறது. அவள் எழுந்து உட்காருகிறாள்.

வாயால் சொல்லிக் கேட்கும் கதையில், அந்த மூன்று நிறங்களை வைத்துக்கொண்டு முகத்தைக் கேட்கிற குழந்தையே வரைந்துகொள்ளும். தன் அக்காவின் முகமாக இருக்கலாம், எதிர்வீட்டுப் பெண்ணின் முகமாக இருக்கலாம், தன் முகமாகவே இருக்கலாம். படம் வந்ததும் அந்த வேலை குழந்தையின் கையைவிட்டுப் போனது. உலகத்துக் குழந்தைகள் எல்லாருக்கும் ஒரே ஸ்னோ ஒயிட்: வட்ட முகம், சின்ன உதடு, நீள இமை, சிவந்த கன்னம்.

அந்த முகத்தை வரைந்தது யார் என்பதையும் கேட்க வேண்டும். மார்ஜ் சாம்பியன் என்ற இளம் நடனக் கலைஞரை ஆடவும் நடக்கவும் வைத்துப் படமெடுத்து, அந்த அசைவுகளைப் பார்த்துக் கலைஞர்கள் வரைந்தார்கள். வரைந்தவர்கள் ஆண்கள். அவர்கள் பென்சிலால் வரைந்ததைக் கண்ணாடி போன்ற தாள்களில் மையால் படியெடுத்து வண்ணம் தீட்டும் பிரிவில் வேலை செய்தவர்கள் பெண்கள். 1938-ல் வேலை கேட்டு விண்ணப்பித்த ஓர் இளம்பெண்ணுக்கு ஸ்டுடியோ அனுப்பிய பதில் கடிதம் இன்றும் இருக்கிறது. கார்ட்டூன் தயாரிப்பில் படைப்பு சார்ந்த வேலை எதையும் பெண்கள் செய்வதில்லை, அது இளைஞர்களின் வேலை, பெண்களுக்கு மை தீட்டும் பிரிவு மட்டுமே என்று அதில் தெளிவாக எழுதியிருக்கிறார்கள். பெண் குழந்தைகள் தங்களைப் பார்த்துக்கொள்ளும் கண்ணாடியாக மாறிய இந்தப் பாத்திரங்களின் முகத்தையும் நடையையும் தீர்மானித்த அறைக்குள் பெண்கள் அநேகமாக இல்லை. டிஸ்னியின் நீள அனிமேஷன் படம் ஒன்றின் திரைக்கதையைத் தனியாக எழுத ஒரு பெண்ணுக்கு வாய்ப்புக் கிடைத்தது 1991-ல் வெளியான 'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்' படத்தில். அவர் லிண்டா வூல்வர்டன். டிஸ்னியின் தாய் ஸ்டுடியோவில் ஒரு பெண் நீளப் படத்துக்கு இயக்குநராக அமர்ந்தது 2013-ல், 'ஃப்ரோஸன்' படத்தில். ஜெனிஃபர் லீ அதை இன்னொருவருடன் சேர்ந்து இயக்கினார். இடையில் எழுபத்தைந்து ஆண்டுகள் ஓடிவிட்டன.

நல்லவளின் முகத்தைப் பார்த்தோம். இனிக் கெட்டவளின் முகம்.

'ஸ்னோ ஒயிட்' படத்தில் அரசி கிழவியாக மாறும் காட்சியை உங்களில் பலர் பார்த்திருப்பீர்கள். நிலவறையில் நின்று ஒரு மருந்தைக் குடிக்கிறாள். தொண்டையைப் பிடித்துக்கொள்கிறாள். கறுத்த முடி வெளுக்கிறது. கைகள் காய்ந்து சுருங்கி விரல்கள் நீண்டு வளைகின்றன. குரல் கரகரக்கிறது. கடைசியில் மறைத்திருந்த அங்கியை விலக்கித் திரும்பும்போது கூன் முதுகும் மருவும் பொக்கை வாயும் தெரிகின்றன. கிரிம் கதையில் இது ஒரு வேஷம் மட்டுமே. முகத்தில் சாயம் பூசிக்கொண்டு, ஊர் ஊராகப் பொருள் விற்கும் கிழவியைப் போல் உடுத்திக்கொண்டு போகிறாள். படத்திலோ உடம்பே மாறுகிறது. அழகாக இருந்தவரை அவள் கொலை செய்ய ஆள் அனுப்பினாள். தன் கையால் கொல்லப் போகும்போது முதுமை அடைகிறாள். முதுமையும் தீமையும் குழந்தையின் கண்ணெதிரே ஒன்றோடொன்று பிணைக்கப்படுகின்றன. பிரிட்டிஷ் தணிக்கைக் குழு 1938-ல் இந்தப் படத்துக்குப் பெரியவர் துணையோடு பார்க்க வேண்டிய படம் என்று சான்றிதழ் கொடுத்தது. குழந்தைகள் பயப்படுவார்கள் என்று கவலைப்பட்டார்கள். பயம் ஓர் இரவில் போய்விடும். வயதான முகத்தைப் பற்றிய எண்ணம் அவ்வளவு சீக்கிரம் போகாது.

அதற்குப் பிறகு வந்த படங்களை வரிசையாக நினைத்துப் பாருங்கள். 'லிட்டில் மெர்மெய்ட்' படத்தின் சூனியக்காரி அர்சுலா குண்டானவள். 'லயன் கிங்' படத்தில் துரோகம் செய்யும் சித்தப்பாவுக்குப் பெயரே தழும்பு, முகத்தில் கண்ணின் மேல் வெட்டுக்காயம். 1992-ல் வந்த 'அலாவுதீன்' படத்தில் ஜாஃபருக்கும் சந்தை வியாபாரிகளுக்கும் காவலர்களுக்கும் வளைந்த மூக்கு, கனத்த புருவம். பெரும்பாலோருக்கு அந்நியமான உச்சரிப்பு. அதே ஊரில் பிறந்த அலாவுதீனும் ஜாஸ்மினும் அமெரிக்கக் கல்லூரிப் பிள்ளைகளைப் போலப் பேசுகிறார்கள். தொடக்கப் பாட்டில், முகம் பிடிக்காவிட்டால் காதை வெட்டிவிடுவார்கள் என்ற பொருளில் ஒரு வரி வந்தது. அமெரிக்காவில் வாழும் அரபு மக்களின் அமைப்பு கண்டித்த பிறகு, 1993-ல் வீடியோவாக வெளியிட்டபோது அந்த வரியை மாற்றினார்கள். அந்த நாடு காட்டுமிராண்டித்தனமானது என்று சொல்லும் சொல் அப்படியே தங்கிவிட்டது. அமெரிக்கப் பள்ளி ஒன்றில் அரபுப் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்து படிக்கிற ஆறு வயதுப் பையனை நினைத்துக்கொண்டு அந்தப் படத்தை மறுபடி பாருங்கள். பாட்டும் வண்ணமும் எவ்வளவு இனிமையோ, அவ்வளவு எளிதாக அந்த முகப்பாடம் உள்ளே இறங்கும்.

நான் நூலகங்களில் குழந்தைகளுக்குக் கதை சொல்கிறவன். ஒரு கதை நேரத்தில் ஏழை விதவை ஒருத்தியின் கதையைத் தொடங்கினேன். "ஒரு ஊர்ல ஒரு அம்மா இருந்தாங்க" என்ற அளவில்தான் இருந்தேன். முன்வரிசையில் இருந்த ஒரு பெண் குழந்தை கையைத் தூக்கி, "அவங்க அழகா இருப்பாங்களா சார்?" என்று கேட்டாள். நீயே சொல்லேன் என்றேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, "நல்லவங்கன்னா அழகா இருப்பாங்க" என்றாள். சுற்றி இருந்த பிள்ளைகள் யாரும் மறுக்கவில்லை. அந்தக் குழந்தைக்கு யாரும் உட்கார்த்திவைத்து இதைச் சொல்லிக்கொடுத்திருக்க மாட்டார்கள்.

இரண்டு அமெரிக்கச் சமூகவியலாளர்கள், லோரி பேக்கர்-ஸ்பெரியும் லிஸ் கிரவர்ஹோல்ஸும், கிரிம் தொகுப்பிலிருந்து 168 கதைகளை எடுத்து அழகைப் பற்றிய பேச்சு எங்கெங்கே வருகிறது என்று பார்த்து 2003-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். திரும்பத் திரும்பப் புத்தகமாகவும் படமாகவும் மறுபிறவி எடுத்தவை, பெண்ணின் அழகை அதிகம் பேசும் கதைகளாகவே இருந்தன என்பது அவர்கள் கண்டது. கிரிம் தொகுப்பில் மூளையால் பிழைக்கும் பெண்களும், சகோதரர்களை மீட்கப் புறப்படும் பெண்களும் இருக்கிறார்கள். அவர்களைப் பெரிதாக யாரும் படமாக்கவில்லை, ஆகவே நம் பிள்ளைகளுக்கு அவர்களைத் தெரியாது. இருநூறு கதைகள் கொண்ட மரபிலிருந்து நான்கைந்தைப் பொறுக்கி எடுத்து, இதுதான் தேவதைக் கதை என்று உலகம் நம்பும்படி செய்த பிறகு, அந்தப் பொறுக்கலே ஒரு பாடம்.

'லிட்டில் மெர்மெய்ட்' படத்தில் சற்று நின்று பார்ப்போம். இந்தப் பேச்சுக்கு அதைவிடப் பொருத்தமான படம் இல்லை. ஹான்ஸ் கிறிஸ்டியன் ஆண்டர்சன் 1837-ல் வெளியிட்ட கதையில் கடல்கன்னி கால்களுக்காகத் தன் நாக்கையே கொடுக்கிறாள். ஒவ்வோர் அடியும் கத்திமேல் நடப்பதுபோல் வலிக்கிறது. இளவரசன் வேறொருத்தியை மணக்கிறான். அவனைக் கொன்றால் தான் பிழைக்கலாம் என்ற நிலையிலும் அவள் கொல்லாமல் கடலில் விழுகிறாள். குரலை இழப்பது எவ்வளவு பெரிய இழப்பு என்று அந்தக் கதை ஒவ்வொரு பக்கத்திலும் உணர்த்துகிறது. 1989-ல் வந்த படத்தில் பதினாறு வயது ஏரியல் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டுக் குரலைக் கொடுக்கிறாள். மூன்றாம் நாள் சூரியன் மறைவதற்குள் இளவரசன் முத்தமிட வேண்டும். பேச முடியாமல் எப்படி என்று அவள் கேட்கும்போது, உனக்கு முகம் இருக்கிறது, அசைவு இருக்கிறது, அதிகம் பேசும் பெண்ணை மேலே யாருக்கும் பிடிக்காது என்ற பொருளில் அர்சுலா பாடுகிறாள். சொல்வது வில்லிதானே, குழந்தை அதைத் தவறு என்று எடுத்துக்கொள்ளும் என்று படத்துக்காக வாதாடுகிறவர்கள் உண்டு. அடுத்த அரைமணி நேரத்தைப் பாருங்கள். பேசாத ஏரியலோடு இளவரசன் ஊர் சுற்றுகிறான், படகில் போகிறான், முத்தமிடும் தருவாய்க்கே வந்துவிடுகிறான். வில்லி சொன்னது சரிதான் என்று கதை நிரூபித்துவிடுகிறது. குழந்தை பாட்டின் பொருளைப் புரிந்துகொள்ள வேண்டிய தேவையே இல்லை. நடந்ததைப் பார்த்தால் போதும்.

இதே படத்தில் யார் எவ்வளவு பேசுகிறார்கள் என்று எண்ணியும் பார்த்திருக்கிறார்கள். கார்மென் ஃபாட், கேரன் ஐசன்ஹவர் என்ற இரண்டு மொழியியலாளர்கள் டிஸ்னி இளவரசிப் படங்களின் வசனங்களை அலசி 2016-ல் முடிவுகளை வெளியிட்டார்கள். 'ஸ்னோ ஒயிட்'டில் ஆண்களும் பெண்களும் ஏறக்குறையப் பாதிப் பாதி பேசுகிறார்கள். 'சிண்ட்ரெல்லா'வில் பெண்கள் பேசுவது 60 சதவீதம். பெண் விடுதலையைப் பற்றி உலகம் நிறையப் பேசிய பிறகு வந்த 'லிட்டில் மெர்மெய்ட்'டில் ஆண்களின் பங்கு 68 சதவீதம், 'பியூட்டி அண்ட் தி பீஸ்ட்'டில் 71, 'அலாவுதீ'னில் 90. சீனத்தைக் காப்பாற்றும் வீராங்கனையின் கதையான 'முலான்' படத்திலும் 77 சதவீதம் ஆண் குரல்தான். காரணத்தைத் தேடினால் மிகச் சாதாரணமானது. கதாநாயகி ஒருத்தி பெண். அவளைச் சுற்றி நண்பன், ஆலோசகன், கடைக்காரன், சிப்பாய், பேசும் மெழுகுவர்த்தி, பேசும் நண்டு, பேசும் கிளி என்று வாய் திறக்கிற அத்தனை பேரையும் யோசிக்காமல் ஆணாகவே படைத்துவிட்டார்கள். இளவரசி என்பவள் தோழிகளே இல்லாத பெண்.

சரி, இதெல்லாம் பெரியவர்கள் படத்தைப் பிரித்துப் பார்த்துச் சொல்வது, குழந்தைகளிடம் உண்மையில் மாற்றம் நடக்கிறதா என்று நீங்கள் கேட்கலாம். கேட்கத்தான் வேண்டும். ஆல்பர்ட் பண்டூரா 1960-களின் தொடக்கத்தில் ஸ்டான்ஃபோர்டில் செய்த பொம்மைச் சோதனைகள் புகழ்பெற்றவை. பெரியவர் ஒருவர் ஊதிய பொம்மையை அடிப்பதைப் பார்த்த குழந்தைகள் தாங்களும் அடித்தார்கள். 1963-ல் அவர் வெளியிட்ட ஆய்வில், அதே அடியைக் கார்ட்டூன் பூனை போன்ற ஓர் உருவம் செய்வதைத் திரையில் பார்த்த குழந்தைகளும் அடித்தார்கள். திரையில் வருவது கற்பனை உருவம்தானே என்பது குழந்தைக்குத் தடையாக இல்லை.

இளவரசிகளைப் பற்றிய ஆய்வுகள் இவ்வளவு நேராகப் பேசுவதில்லை. ஷரோன் ஹேயஸ், ஸ்டேசி டான்ட்லெஃப்-டன் இருவரும் 2010-ல் மூன்று முதல் ஆறு வயதுவரையிலான 121 சிறுமிகளை வைத்து ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். அழகைப் பற்றிப் பேசும் அனிமேஷன் காட்சிகளைச் சிலருக்குக் காட்டினார்கள், சிலருக்கு அப்படிப் பேசாத காட்சிகளைக் காட்டினார்கள். பார்த்த உடனே இரு குழுவுக்கும் தம் உடம்பைப் பற்றிய எண்ணத்தில் வேறுபாடு தெரியவில்லை. அதனால் பாதிப்பே இல்லை என்று நிம்மதி அடையலாமா? அதே ஆய்வில் அந்தச் சின்னஞ்சிறுமிகளில் ஏறக்குறையப் பாதிப் பேர், குண்டாகிவிடுவோமோ என்று கவலைப்படுவதாகச் சொன்னார்கள். மூன்று முதல் ஆறு வயது! சோதனை அறைக்குள் வரும் முன்பே அந்தக் கவலை அவர்களோடு வந்திருக்கிறது. ஒரு காட்சியைக் கொண்டு எதையும் அளக்க முடியாது என்பதே அதில் எனக்குத் தெரிவது. குழந்தை ஒரே படத்தை ஐம்பது முறை பார்க்கும், அந்தக் கவுனைப் போட்டுக்கொண்டு தூங்கும்.

சாரா கோய்ன் என்ற அமெரிக்க ஆய்வாளரும் குழுவினரும் 2016-ல் வெளியிட்ட ஆய்வு இந்த நீண்ட பழக்கத்தைத்தான் எடுத்துக்கொண்டது. ஏறக்குறைய ஐந்து வயதுள்ள 198 குழந்தைகளை ஓராண்டு இடைவெளியில் இருமுறை பார்த்தார்கள். இளவரசிப் படங்களிலும் பொம்மைகளிலும் அதிகம் ஈடுபட்ட குழந்தைகள், ஓராண்டுக்குப் பிறகு, பெண்ணுக்கு உரியது என்று சமூகம் ஒதுக்கிய விளையாட்டிலும் நடத்தையிலும் இன்னும் அழுத்தமாக இருந்தார்கள். பெண்களும் அப்படி, பையன்களும் அப்படி. இதில் பெற்றோர்கள் கவனிக்க வேண்டிய முடிவு வேறு ஒன்று. படத்தைப் பற்றிப் பெற்றோர் பிள்ளைகளோடு பேசினால் பாதிப்பு குறையும் என்று நாம் எல்லாரும் நினைப்போம். அந்த வீடுகளில் பாதிப்பு கூடியிருந்தது.

ஏன் கூடியது என்று நான் புரிந்துகொள்வதைச் சொல்கிறேன். பெரும்பாலும் நாம் என்ன பேசுகிறோம்? "எவ்ளோ அழகா இருக்கா பாரு", "பாப்பாவும் இந்த மாதிரி டிரஸ் போட்டுக்கலாமா", "அழாதே, இளவரசி அழுவாளா?" படம் கோடு போட்ட இடத்தில் நாம் ஆணி அடிக்கிறோம். குழந்தைக்குப் படத்தைவிட அம்மா சொல், அப்பா சொல் பெரியது.

அதே ஆய்வாளரின் குழு, குழந்தைகளை ஐந்தாண்டு கழித்து மறுபடி பார்த்து 2021-ல் வெளியிட்ட முடிவு என்னை நீண்ட நாள் யோசிக்க வைத்தது. இந்த முறை 307 குழந்தைகள். சின்ன வயதில் இளவரசி மோகத்தில் மூழ்கியவர்கள், பத்துப் பதினொரு வயதில் பெண்களைப் பற்றிக் கூடுதல் சமத்துவ எண்ணம் கொண்டிருந்தார்கள். ஆண் என்றால் முரட்டுத்தனம், உணர்ச்சியை அடக்குவது என்ற பிடிவாதம் அவர்களிடம் குறைவாக இருந்தது. கவுன் போட்டு ஆடிய பையனைத் திட்டி உட்கார வைக்கிற அப்பாக்கள் இதைக் கேட்க வேண்டும். இளவரசிக் கதை, பெண்ணை நடுவில் வைத்த கதை. அழுவதையும் அன்பு காட்டுவதையும் பாட்டாகப் பாடுவதையும் அது கூச்சமில்லாமல் செய்கிறது. ஒரு பையன் அதை ஆசையாகப் பார்த்தால் அவனுக்கு அது நல்லதே செய்யும். எல்லாக் குற்றத்தையும் இந்தப் படங்களின் தலையில் ஏற்றிவிட்டுப் போக எனக்கு மனமில்லை.

படத்தையும் அதன் பேரில் விற்கும் பொருளையும் பிரித்துப் பார்க்க வேண்டும் என்று சொல்வதற்கும் காரணம் இருக்கிறது. இளவரசிகளை ஒன்றாகச் சேர்த்து விற்கும் வணிகம் 2000 வாக்கில்தான் பிறந்தது. டிஸ்னியின் பொருள் விற்பனைப் பிரிவுக்கு வந்த ஆண்டி மூனி, ஃபீனிக்ஸ் நகரில் ஒரு பனிச்சறுக்கு நிகழ்ச்சிக்குப் போனார். வரிசையில் நின்ற சிறுமிகள் வீட்டில் தைத்த இளவரசி உடைகளில் வந்திருப்பதைக் கண்டார். நாமே தைத்து விற்கலாமே என்று தொடங்கியது, சில ஆண்டுகளில் பல நூறு கோடி டாலர் வியாபாரமாக வளர்ந்தது. அந்தக் குழுப் படங்களை உற்றுப் பாருங்கள். பையிலோ போர்வையிலோ ஐந்தாறு இளவரசிகள் வரிசையாக நிற்பார்கள், ஒருத்திகூட இன்னொருத்தியைப் பார்க்கமாட்டாள். ஒவ்வொருத்தியும் வெவ்வேறு உலகத்தைச் சேர்ந்தவள் என்பதால் கண்ணோடு கண் சந்திக்கக்கூடாது என்று விதியே வைத்திருந்தார்கள். பக்கத்தில் நிற்கும் தோழியைத் திரும்பிப் பார்க்காத பெண்களின் படத்தைத்தான் நம் பிள்ளைகள் முதுகில் சுமந்து போகிறார்கள்.

2012-ல் வந்த 'பிரேவ்' படத்தின் மெரிடா வில் எய்பவள், சுருட்டை முடி கலைந்து கிடப்பவள், கல்யாணமே வேண்டாம் என்பவள். அடுத்த ஆண்டு அவளை இளவரசிகளின் வரிசையில் சேர்த்தபோது இடுப்பை ஒடுக்கி, முடியை வாரி, கழுத்தை இறக்கி, வில்லைப் பிடுங்கிவிட்டு வரைந்திருந்தார்கள். அந்தக் கதையை உருவாக்கிய இயக்குநர் பிரெண்டா சாப்மனே வெளிப்படையாகக் கண்டித்தார். இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டோர் எதிர்ப்பு மனுவில் கையெழுத்திட்டார்கள். படம் கொடுத்ததைப் பொருள் பறித்துக்கொள்ளும் கதை இது.

நம் வீடுகளுக்கு வருவோம். வெளுப்புதான் அழகு என்பதை நம் பிள்ளைகளுக்கு டிஸ்னி வந்துதான் கற்றுக்கொடுத்தது என்று நான் சொல்ல மாட்டேன். நம் பெண் பார்க்கும் படலமும், முகப்பூச்சு விளம்பரமும், சினிமாக் கதாநாயகித் தேர்வும் அந்த வேலையை ஏற்கெனவே செய்துவிட்டன. இந்தப் படங்கள் அந்த ஈர மண்ணில் விழுகின்றன. அமெரிக்காவில் வளரும் வெள்ளைக் குழந்தைக்கு ஸ்னோ ஒயிட் ஓரளவு தன்னைப் போன்றவள். நம் பிள்ளைக்கு அவள் எட்டாத ஊரைச் சேர்ந்தவள். கறுப்பு இளவரசி ஒருத்தி வர 2009 ஆனது. 'தி பிரின்சஸ் அண்ட் தி ஃப்ராக்' படத்தின் தியானா அவள். அவளும் படத்தின் பெரும்பகுதியைத் தவளையாகக் கழிக்கிறாள். 2016-ல் 'மோவானா' வந்தபோதுதான் பழுப்பு நிறமும் உறுதியான கால்களும் கொண்ட, காதலன் இல்லாத ஒருத்தி திரை முழுக்க நின்றாள். நம் ஊர்ப் பொம்மைக் கடைகளில் எல்சா கிடைக்கும் அளவுக்கு மோவானா கிடைப்பதில்லை. ஏன் என்று கடைக்காரரைக் கேட்டால், கேட்டு வாங்குவது எல்சாதான் என்பார். பொம்மையைக் கேட்டு வாங்குவது பெரியவர்கள்.

நம் நாட்டுப்புறக் கதைகளிலும் மாற்றாந்தாய் கொடுமைக்காரிதான், இளவரசி பொன்னிறத்தாள்தான். ஆனால் கி. ராஜநாராயணன் திரட்டிக் கொடுத்த கதைகளைப் புரட்டினால், சாமர்த்தியக்காரிகளும் வாயாடிகளும் புருஷனைத் திருத்துகிறவர்களும் வரிசையாக வருகிறார்கள். ஏ.கே. ராமானுஜன் கன்னடத்திலிருந்து எழுதிக்காட்டிய ஹஞ்சியின் கதை சிண்ட்ரெல்லா வகையைச் சேர்ந்தது. அதில் பெண்ணின் அழகே அவளுக்கு ஆபத்து. தாய் அவளுக்கு முகமூடி போட்டு அனுப்புகிறாள். கல்யாணத்தோடு அந்தக் கதை முடிந்துவிடுவதில்லை. புகுந்த வீட்டுக்கு வந்துபோகும் குருவே அவள்மேல் கண்வைக்கிறான், அவள் அங்கும் போராட வேண்டியிருக்கிறது. இதையெல்லாம் சொல்லிக் கேட்டு வளர்ந்த குழந்தைக்குச் சிண்ட்ரெல்லா ஒரு கதை மட்டுமே. வேறு கதையே தெரியாத குழந்தைக்கு அது உலகம்.

மாற்றாந்தாய் என்றதும் ஆசிரியர்களிடம் ஒன்று சொல்லியாக வேண்டும். 1812 பதிப்பில் ஸ்னோ ஒயிட்டைக் கொல்ல நினைப்பவள் பெற்ற தாய்தான். பெற்றவள் அப்படிச் செய்வாளா என்பது பொறுக்க முடியாததாகத் தோன்றியிருக்க வேண்டும், 1819 பதிப்பில் அவளை மாற்றாந்தாய் ஆக்கிவிட்டார்கள். படங்கள் அதையே பிடித்துக்கொண்டன. உங்கள் வகுப்பில் அம்மாவை இழந்து, அப்பா மறுமணம் செய்த பிள்ளை ஒன்று நிச்சயம் இருக்கும். வீட்டுக்கு வந்த சித்தி சோறு போட்டுத் தலைவாரி அனுப்பியிருப்பாள். 'சிண்ட்ரெல்லா'வைத் திரையிட்ட அன்று மற்றப் பிள்ளைகள் அந்தக் குழந்தையைப் பரிதாபமாகப் பார்ப்பதை நான் கண்டிருக்கிறேன். அந்தச் சித்திக்கு வாதாட அங்கே யாரும் இல்லை. அந்தப் படத்தை வகுப்பில் போடும் முன் அந்தப் பிள்ளையை நினையுங்கள்.

வழி என்ன என்று கேட்டால், எனக்குத் தெரிந்து பலன் தந்தவற்றைச் சொல்கிறேன். படத்தைக் காட்டும் முன் கதையை வாயால் சொல்லிவிடுங்கள், முகத்தை வருணிக்காமல். பிறகு பிள்ளைகளிடம் காகிதம் கொடுத்து அவளை வரையச் சொல்லுங்கள். ஒவ்வொரு குழந்தையும் ஒவ்வொரு முகம் வரையும். அதற்குப் பிறகு படத்தைப் பார்த்தால், திரையில் தெரியும் முகம் இன்னொருவர் வரைந்தது என்று குழந்தைக்குத் தெரிந்திருக்கும். "இந்தக் கடையில, இந்தத் தெருவுல பேசுறது எல்லாம் யாரு?" என்று எண்ணச் சொல்லுங்கள். எட்டு வயதுப் பிள்ளைகள் இதை விளையாட்டாகவே செய்வார்கள். அழகைப் புகழ வாய் வரும்போது, அவள் செய்த காரியத்தைப் புகழுங்கள்.

இன்னொன்றுக்கு 'ஃப்ரோஸன்' உதவும். எல்சாவின் கவுனுக்காக நான் அந்தப் படத்தைப் பரிந்துரைக்கவில்லை, ஹான்ஸ் என்ற இளவரசனுக்காகப் பரிந்துரைக்கிறேன். மற்றப் படங்களில் கதாநாயகனுக்குக் கொடுக்கும் முகம் முழுவதும் இவனுக்குக் கொடுத்திருக்கிறார்கள். நேரான மூக்கு, கனிந்த கண், பணிவான பேச்சு. எல்சாவின் தங்கை ஆன்னா அவனை ஒரே நாளில் நம்பிவிடுகிறாள், பார்க்கிற குழந்தையும் நம்பிவிடுகிறது. கடைசிப் பகுதியில், குளிரில் செத்துக்கொண்டிருக்கும் அவளை அறையில் விட்டு, அடுப்பை அணைத்துவிட்டுக் கதவைப் பூட்டிக்கொண்டு போகிறான். அந்த இடத்தில் குழந்தைகள் உண்மையாகவே அதிர்கிறார்கள், கோபப்படுகிறார்கள். படத்தை அங்கே நிறுத்திவிட்டு, "இவன் கெட்டவன்னு முன்னாடியே தெரிஞ்சுதா? எங்க தெரிஞ்சுது?" என்று கேளுங்கள். தெரிந்தது என்று ஒருவன் அடித்துச் சொல்வான், தெரியவில்லை என்று இன்னொருத்தி சொல்வாள். ஆன்னாவைச் சந்தித்துவிட்டுத் தண்ணீரில் விழுந்தவன், யாரும் பார்க்காதபோதும் அவளை நினைத்துச் சிரிக்கிறானே, அது பொய்யா என்று யாராவது கேட்பார்கள். பதிலை நீங்கள் சொல்லாதீர்கள். அந்தச் சிரிப்பை மறுபடி போடச் சொல்வார்கள், போடுங்கள். எத்தனை முறை கேட்டாலும் போடுங்கள்.